பூமலை: சோதனைத் தோட்டம் மக்கள் பூங்காவான வரலாறு

பூங்கா என்றதும் நம் நினைவுக்கு வருவன நிழல் தரும் மரங்கள், கல் இருக்கைகள், ஓடி விளையாடும் குழந்தைகள், சுண்டல் விற்கும் சிறுவன் ஆகியவை. வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை என்றதும் நினைவுக்கு வருவன முள்வேலி, 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்னும் பலகை, எண் எழுதிய குச்சிகள் நட்ட பாத்திகள். ஒன்று மக்களை வா என்கிறது. மற்றொன்று வராதே என்கிறது. இவ்விரண்டும் ஒரே நிலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்ததுண்டா? ஆராய்ச்சி முடிந்த நிலம் என்னவாக வேண்டும்? அதன் பழைய பணியை யார் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

இவ்வினாக்களுக்கு விடை காணச் சிங்கப்பூரில் உள்ள தாவரவியல் தோட்டத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சிங்கப்பூர்த் தமிழர் அதனை அழகாகப் 'பூமலை' என்று அழைப்பர். 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதுவே. இத்தாலியின் பாதுவா தோட்டமும் இங்கிலாந்தின் கியூ தோட்டமும் அதற்கு முன்பே இடம்பெற்றவை. இன்று அங்கே காலையில் நடைபயில்வோரும், மாலையில் புல்தரையில் பாய் விரித்து அமர்வோரும் பலர். ஆனால் ஒரு காலத்தில் அது ஒரு பயிர்ச் சோதனைக் களம். அக்களத்தில் கண்டறியப்பட்ட ஒரு நுட்பம் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்களைக் கடல் கடக்கச் செய்தது. அந்த வரலாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத் தோல்விகள்

சிங்கப்பூரில் தோட்டம் அமைக்கும் முயற்சி முதன்முறையிலேயே வெற்றி பெற்றுவிடவில்லை. 1822ஆம் ஆண்டில் இராஃபிள்ஸ் துரை அரசாங்கக் குன்றின் சரிவில் ஒரு சோதனைத் தோட்டத்தை ஏற்படுத்தினார். கிராம்பு, சாதிக்காய் போன்ற பணப்பயிர்களை அந்த மண்ணில் வளர்க்க இயலுமா என்று பார்ப்பதே நோக்கம். பொருள் உதவி இல்லாமையால் அது 1829ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர் தனியார் பலர் சாதிக்காய்த் தோட்டங்கள் போட்டனர். சில காலம் நல்ல வருவாயும் கிடைத்தது. 1850களில் நோய் தாக்கி அத்தோட்டங்கள் அழிந்தன. மிளகும் காம்பியரும் பயிரிட்டவர்கள் ஓரிடத்தின் மண் வளம் குன்றியதும் அதனைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டினர். எந்தப் பயிர் எந்த மண்ணுக்கு ஏற்றது, எந்த நோய்க்கு என்ன செய்வது என்று எடுத்துச் சொல்ல அங்கே எவரும் இல்லை. ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏன் தேவை என்பதை இத்தோல்விகளே எடுத்துக்காட்டின எனலாம்.

இன்றைய தோட்டம் 1859ஆம் ஆண்டில் தோன்றியது. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தாங்லின் பகுதியில் நிலம் பெற்று, உறுப்பினர் சந்தாவைக் கொண்டு அதனை நடத்தியது. மறு ஆண்டில் மேற்பார்வையாளராக வந்த லாரன்ஸ் நிவன் வளைந்து செல்லும் பாதைகளையும், மேடு பள்ளத்திற்கேற்ற மரக்கூட்டங்களையும் அமைத்தார். 1866ஆம் ஆண்டில் அன்ன ஏரி வெட்டப்பட்டது. மலர்க் கண்காட்சியும் பாண்டு வாத்தியமும் நடந்தன. ஆனால் அது செல்வர்கள் உலாவும் சோலையாகவே இருந்தது. சங்கம் கடனில் மூழ்கியது. 1874ஆம் ஆண்டில் அரசாங்கம் தோட்டத்தை ஏற்றுக்கொண்டது.

அரசாங்கப் பணம் செலவாகும்போது 'இதனால் நாட்டுக்கு என்ன பயன்?' என்னும் கேள்வி எழுவது இயல்பு. 1875ஆம் ஆண்டில் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற ஹென்றி மர்ட்டன் பொறுப்பேற்றார். 1879ஆம் ஆண்டில் தோட்டத்தின் வடபகுதியில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் 'பொருளாதாரத் தோட்டம்' என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. பெயரே அதன் பணியைச் சொல்கிறது. காப்பி, கொக்கோ, கரும்பு, நறுமணப் பயிர்கள் போன்றவற்றை நட்டு, எது தழைக்கிறது, எது பட்டுப்போகிறது என்று குறித்துவைத்து, நல்லவற்றின் விதைகளையும் நாற்றுகளையும் குடியானவர்களுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் வழங்குவதே அப்பணி. இன்று நாம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்று சொல்வதன் முன்னோடி அதுவே.

22 நாற்றுகள்

இத்தோட்டத்தின் புகழுக்குக் காரணமான செடி அம்மண்ணுக்கு உரியதன்று. அது தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் வளர்வது. அதன் பட்டையைக் கீறினால் வெண்மையான பால் வடியும். உறைந்த பால்தான் இரப்பர். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இரப்பரை உறுதிப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அதுவரை வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் போன இரப்பர், அதன்பின் இயந்திரங்களுக்கு இன்றியமையாத பொருளாயிற்று.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலில் தப்பஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைச் சேகரித்து இலண்டனுக்குக் கொண்டுவந்தார். இரப்பர் விதையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே கியூ தோட்டத்தில் உடனே விதைத்தும் நூற்றுக்கு நான்கே முளைத்தன. முளைத்தவற்றுள் 1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அங்கே கம்பகா அருகேயுள்ள ஹெனரத்கொட என்னும் இடத்தில் அவற்றுக்கென ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு அவ்வாண்டு அனுப்பிய நாற்றுகள் பிழைக்கவில்லை. மறு ஆண்டு, 1877 ஜூனில், 22 நாற்றுகள் உயிரோடு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில தோட்டத்திலேயே நடப்பட்டன. ஒன்பது நாற்றுகள் பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிற்காலத்தில் மலாயாவைப் போர்த்திய இரப்பர்க் காடுகளுக்குத் தொடக்கம் இவ்வளவு சிறியதே.

காத்திருந்த ஆண்டுகள்

நாற்று வந்தது, மரம் வளர்ந்தது, ஆனால் யாரும் அதனை விரும்பவில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, காலம். இரப்பர் மரம் பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். காப்பி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வருவாய் தெரியாத ஒரு மரத்துக்காக எவர் அவ்வளவு காலம் காத்திருப்பார்?

இரண்டாவது, பால் எடுக்கும் முறை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். அடி ஆழமாக விழுந்தால் மரம் புண்பட்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். நாளடைவில் பட்டும் போகலாம். எண்ணற்ற மரங்கள் தாமே வளர்ந்துள்ள காட்டில் இம்முறை செல்லும். பணம் போட்டு நட்டு வளர்த்த தோட்டத்தில் செல்லாது. முட்டையிடும் கோழியை அறுத்துப் பார்த்த கதையாகவே முடியும்.

இந்த நிலையில் 1888ஆம் ஆண்டில் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் தாவரவியலறிஞர் தோட்டத்தின் இயக்குநராக வந்தார். தோட்டத்தில் வளர்ந்து நின்ற இரப்பர் மரங்களை நாள்தோறும் ஆராயத் தொடங்கினார். எந்த நேரத்தில் வெட்டினால் பால் மிகுதியாக வருகிறது, எவ்வளவு ஆழம் வெட்டலாம், எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பனவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1891ஆம் ஆண்டில் ஒரு வேளாண் இதழைத் தொடங்கித் தோட்டத்துக் கண்டுபிடிப்புகளை வெளியிட்டார். தோட்டத் துரைமார்களைக் காணும்போதெல்லாம் இரப்பர் நடுங்கள் என்று வற்புறுத்துவார். அவர்களுடைய சட்டைப் பைகளில் விதைகளைத் திணித்து அனுப்புவார் என்றும் சொல்வதுண்டு. அவர்களோ அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் சூட்டினர்.

22 நாற்றுகள் வந்த 1877ஆம் ஆண்டுக்கும், மலாயாவில் வாணிக நோக்குடன் முதல் இரப்பர்த் தோட்டம் போடப்பட்ட 1896ஆம் ஆண்டுக்கும் இடையே 19 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளும் யாருக்கும் வேண்டாத ஒரு மரத்துக்கு நிலமும் நீரும் காவலும் கொடுத்துக் காத்தது அரசாங்கத்தின் சோதனைத் தோட்டமே. இலாபக் கணக்கு மட்டும் பார்க்கும் தனியார் எவரும் இதனைச் செய்திருக்க இயலாது. ஆராய்ச்சி நிலையங்களை 'வீண் செலவு' என்று பேசுவோர் இந்த 19 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கத்தியின் நுட்பம்

ரிட்லி 1895ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பால்வெட்டு முறை, தாவரவியல் பயிலும் மாணவர் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று.

இரப்பர் மரத்தின் பால் நடுத்தண்டில் இல்லை. பட்டையின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய பால் குழாய்களில் இருக்கிறது. அப்பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. புதிய பட்டையையும் புதிய மரத்தையும் உண்டாக்குவது அதுவே. எனவே கத்தி பால் குழாயைத் தொட வேண்டும். கேம்பியத்தைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு சில நெல்மணிகளின் கனம்கூட இராது. அந்த அளவுக்குள் கத்தியை ஓட்டத் தெரிந்தவரே பால்வெட்டுக்காரர்.

பால் குழாய்கள் நேராக மேல் நோக்கிச் செல்லாமல் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றிச் செல்கின்றன. ஆகவே இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருக்குமாறு சாய்வாக வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். வடியும் பால் அச்சாய்வு வழியே ஓடிக் கீழேயுள்ள கிண்ணத்தில் விழும். அடுத்த முறை புதிதாக ஓரிடத்தில் வெட்ட வேண்டியதில்லை. அதே வெட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் போதும். அடைபட்ட குழாய்கள் மீண்டும் திறக்கும். ரிட்லி தொடக்கத்தில் நடுவே ஒரு நேர்க்கோடும், இருபுறமும் அதில் வந்து சேரும் சாய்வு வெட்டுகளுமாக, மீன் முள்ளைப் போன்ற அமைப்பைப் பயன்படுத்தினார். இவ்வாறு சீவிக்கொண்டே கீழிறங்கி வரும்போது மேலே வெட்டிய பகுதியில் புதுப்பட்டை வளர்ந்துவிடும். மரம் சாகாமல் பல்லாண்டுகள் பால் தரும்.

இன்னொரு உண்மையையும் ரிட்லியின் சோதனைகள் காட்டின. வெட்ட வெட்டப் பால் குறையும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் முறையாகச் சீவிய மரத்தில் முதல் சில நாட்களைவிடப் பின்னைய நாட்களில் பால் மிகுதியாக வந்தது. மேலும் விடியற்காலையில் மரத்தின் உள்ளே நீரழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போது பால் நன்கு ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். இரப்பர்த் தோட்டத்து வேலை இருள் பிரியும் முன்னரே தொடங்குவதற்குக் காரணம் இதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து இரப்பர்த் தோட்டங்களில் நாம் இன்று காணும் சாய்வு வெட்டும், அதனடியில் தொங்கும் கிண்ணமும் இந்த ஆராய்ச்சியின் வழிவந்தவையே.

சோதனைத் தோட்டத்திலிருந்து இரப்பர்க் காட்டுக்கு

1888ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கியபின் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் பெருகின. இரப்பர் விலை ஏறியது. பிரேசிலில் காப்பி விளைச்சல் அளவுக்கு மீறியதால் 1890களின் இறுதியில் காப்பி விலை சரிந்தது. மலாயாத் தோட்டக்காரர்கள் திகைத்தனர். 1896ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான் என்னும் சீனச் செல்வர் ரிட்லியின் சொல்லை நம்பி 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். அது பலன் தரத் தொடங்கியதும் எல்லாரும் அவ்வழியில் திரும்பினர். அதுகாறும் கேலி பேசியவர்கள் இரப்பர் விதைக்காகச் சிங்கப்பூர்த் தோட்டத்தின் வாயிலில் நின்றனர். 1917ஆம் ஆண்டுக்குள் அத்தோட்டம் 70 இலட்சம் விதைகளை வழங்கியிருந்தது. 1920ஆம் ஆண்டளவில் உலக இரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவில் விளைந்தது. மறுபுறம், அமேசான் காட்டு இரப்பரை நம்பி வாழ்ந்த மனாவுஸ் நகரின் செல்வம் சில ஆண்டுகளில் கரைந்து போயிற்று. ஒரு நாட்டின் விதை மற்றொரு நாட்டின் பொருளாதாரமான கதை இது.

விதை கிடைத்தது, நிலம் இருந்தது, முறையும் தெரிந்தது. இனி வேண்டியது வேலை செய்யும் கை. அந்தக் கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவை.

முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணி முறையிலும் சென்னை மாகாணத்து மக்கள் மலாயாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி முன்பணத்துடன் தன் ஊருக்கு வருவார். உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டிச் செல்வார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினர். 1926 முதல் 1973 வரை அவ்வழியில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் பக்கத்து முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. உதவி பெற்றுத் தொழிலாளர் குடிபெயர்வதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்குள் பல தலைமுறைகள் அந்த மண்ணில் வேரூன்றிவிட்டன.

விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்குச் செல்வர். ஒருவர் ஒரு நாளில் 300, 400 மரங்களைச் சீவ வேண்டும். பிறகு கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து சென்று நிறுத்துக் கொடுக்க வேண்டும். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியா பலரைக் கொண்டுபோயிற்று. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. கேம்பியத்தைத் தொடாமல் பட்டையைச் சீவும் அந்த நுட்பம் நூலில் எழுதப்பட்டது ஒருமுறை. மக்களின் கைகளில் எழுதப்பட்டது ஒவ்வொரு விடியலிலும். தாய் வெட்ட மகள் பார்த்துக் கற்றாள். ரிட்லியின் ஆராய்ச்சி பலன் கண்டது அந்தக் கைகளால்தான் என்று சொல்வது மிகையாகாது.

ஆராய்ச்சி இடம் மாறியது

ஒரு பயிர் பெருகி நாட்டின் உயிர்நாடியாகிவிட்டால் அதன் ஆராய்ச்சி சிறு தோட்டத்துக்குள் அடங்காது. 1905ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டரசில் தனி வேளாண்துறை ஏற்பட்டது. 1925ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மலாயா இரப்பர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சிங்கப்பூர்த் தோட்டத்தின் வேளாண் பணி சுருங்கியது. பொருளாதாரத் தோட்டத்து நிலத்தின் ஒரு பகுதி 1920களில் இராஃபிள்ஸ் கல்லூரிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து, பல்கலைக்கழகம் வேறிடம் சென்றபின், அந்நிலத்தில் ஒரு பகுதி மீண்டும் தோட்டத்துடன் சேர்ந்தது.

ஓர் ஆராய்ச்சி நிலையம் தன் வெற்றியாலேயே வேலை இழந்தால் அதனை என்ன செய்வது? மனைகளாகப் பிரித்து விற்பது எளிய வழி. பூமலை அவ்வழியில் செல்லாமைக்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

ஒன்று, ஆராய்ச்சி முற்றிலும் நிற்கவில்லை. அதன் பொருள் மாறியது. 1925ஆம் ஆண்டில் இயக்குநரான எரிக் ஹோல்ட்டம் ஆர்க்கிட் மலர்களின் பக்கம் திரும்பினார். ஆர்க்கிட் விதை தூசியைப் போல் மெலிது. தனக்கென உணவு சேமித்து வைத்திராதது. அதனைக் கண்ணாடிக் குடுவையில், நுண்ணுயிர் புகாத ஊட்டப்பொருளில் முளைக்க வைக்கும் முறையைப் பயன்படுத்தி 1928ஆம் ஆண்டில் கலப்பினப் பணியைத் தொடங்கினார். முதல் கலப்பினம் 1931ஆம் ஆண்டில் பூத்தது. சிங்கப்பூரின் ஆர்க்கிட் வளர்ப்புத் தொழிலுக்கு இதுவே வித்து.

இரண்டு, ஆவணங்களும் மாதிரிகளும் அழியவில்லை. 1875ஆம் ஆண்டில் தொடங்கிய உலர்தாவரக் காப்பகமும் நூலகமும் அங்கேயே இருந்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் இருந்தபோதும், தோட்டத்தின் பழைய அறிஞர்களும் புதிதாக வந்த ஜப்பானிய அறிஞர்களும் சேர்ந்து அவற்றைக் காப்பாற்றினர்.

மூன்று, மக்கள் அதனைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

மக்கள் பூங்கா

செல்வர்களின் சங்கம் அமைத்த சோலை எல்லார்க்கும் உரிய பூங்காவானது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. 1959ஆம் ஆண்டில், சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்ற புதிதில், மலாய், சீன, இந்திய நாட்டியங்களும் இசையும் ஒரே மேடையில் இடம்பெற்ற மக்கள் கலைவிழா இத்தோட்டத்தில் நடைபெற்றது. 1963ஆம் ஆண்டில் மரநடு இயக்கம் தொடங்கியது. நகரெங்கும் நிழல் மரங்கள் நடுவதற்குத் தோட்டத்தின் தாவர அறிவும் நாற்றுகளும் உதவின. முன்பு தோட்டக்காரர்களுக்கு இரப்பர் விதை கொடுத்த நிலையம், இப்போது சாலைகளுக்கு மரம் கொடுத்தது. இதனை அதன் பழைய பணியின் தொடர்ச்சி என்றே கொள்ளலாம்.

இன்று 80 ஏக்கர் அல்ல, 80 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் பூமலை விளங்குகிறது. உள்ளே செல்லக் கட்டணமில்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். தோட்டம் தோன்றும் முன்பிருந்தே நிற்கும் தெம்புசு மரம் ஒன்று சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் இடம்பெற்றிருக்கிறது. நகரின் நடுவே ஆறு ஹெக்டேர் அளவில் பழங்காடும் காக்கப்படுகிறது. ஹோல்ட்டம் பணிபுரிந்த கட்டடம் 2013ஆம் ஆண்டில் மரபுக் காட்சியகமாயிற்று. இரப்பரின் கதை அங்கே சொல்லப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துச் செல்கின்றனர். அவர்களுள் இரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பர் என்பதில் ஐயமில்லை.

எது மரபு?

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். முறை பிறந்த இடம் உலக மரபுச் சின்னமாயிற்று. ரிட்லி 1956ஆம் ஆண்டில் நூறு வயது கடந்து மறைந்தார். அவர் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. அது தகும். ஆனால் அம்முறையை நாள்தோறும் செய்து காட்டியவர்கள் வாழ்ந்த இடங்கள் என்னவாயின? மலேசியாவில் பல இரப்பர்த் தோட்டங்கள் பிற்காலத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாயின, பல வீட்டுமனைகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. சில இடங்களில் ஒரு மாரியம்மன் கோவிலும் ஒரு தமிழ்ப் பள்ளியும் மட்டுமே, இங்கே ஒரு தோட்டம் இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

சோதனைக் களம் காக்கப்பட்டது. உழைப்புக் களம் பெரும்பாலும் மறைந்தது. இதனால் பூமலையைக் குறை சொல்வதற்கில்லை. அது தன் கதையைக் காத்துக்கொண்டது. எஞ்சிய கதையைக் காப்பது அந்தக் கதைக்கு உரியவர்களின் கடமை. அவர்களுள் நாமும் அடங்குவோம். மலாயாவிலிருந்து வந்த பழைய கடிதம், கப்பல் சீட்டு, கங்காணியின் கணக்கு, கறை படிந்த பால்வெட்டுக் கத்தி போன்றவை நம் ஊர் வீடுகளின் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும். பாட்டி சொல்லும் பிரட்டுக் கதையைக் கேட்டு எழுதிவைப்பதும் ஆராய்ச்சிதான். வரலாறு பயிலும் மாணவர் ஒரு விடுமுறையில் செய்யத்தக்க பணி இது.

நம் நாட்டிலும் வேளாண் பண்ணைகளும் நாற்றங்கால்களும் ஏராளம் உள்ளன. அவற்றுள் சில நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட இடங்களில் இருக்கின்றன. என்றேனும் ஒன்றின் ஆராய்ச்சிப் பணி முடிவுக்கு வருமானால், அந்நிலத்தை மதிப்பிடும்போது ஏக்கர் விலையை மட்டும் பார்ப்பது போதாது. அங்கே எந்த விதை முதலில் முளைத்தது, அதனால் யார் வாழ்ந்தனர், யார் வருந்தினர் என்பனவற்றையும் எழுதிவைத்து, மரங்களை வெட்டாமல், வாயிலைத் திறந்துவிட வேண்டும். ஆராய்ச்சியாளரின் பெயருக்குப் பக்கத்தில் பாத்தி கொத்தியவரின் பெயரும் அந்தப் பலகையில் இருக்குமானால், நிழல் தேடி வருவோர் அதனையும் படித்துவிட்டுச் செல்வர்.